ஏவன் ஆற்றங்கரைப் பரிசுத்த திரித்துவ ஆலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களில் பலர் ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவனுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்து, கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கல்லறை அங்கே ஏன் இருக்கிறது என்பதே கோயிலின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். அந்தக் கதைக்கு ஷேக்ஸ்பியரைவிட முன்னூறு, நானூறு வயது அதிகம். பார்க்கப் போகிறவர்களும் போய் வந்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தக் கோயில் இது? யாருடைய கோயில்?

பெயர் பரிசுத்த திரித்துவ ஆலயம். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றின் மேற்குக் கரையில் நிற்கிறது. இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்த, அதாவது ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த பங்குக் கோயில். இப்போது கவென்ட்ரி மறைமாவட்டத்துக்குள் வருகிறது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. அதனால் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள வழிபாட்டு முறை அவ்வளவு அந்நியமாக இருக்காது.

பங்குக் கோயில் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது கதீட்ரல் இல்லை, அரச குடும்பத்தின் கோயிலும் இல்லை. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள் வாழ்கிற எல்லாருக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் செய்துவைக்க வேண்டிய கோயில். அந்தக் காலத்தில் அந்தப் பரப்புக்குள் விளைவதில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்குச் சேர வேண்டும். இந்தத் தசமபாகம்தான் இதன் வரலாறு முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

எவ்வளவு பழமையானது?

நாம் இன்று பார்க்கும் கட்டடம் சுமார் 1210-இல் தொடங்கியது. ஊரிலேயே மிகப் பழைய கட்டடம் இதுதான். ஆனால் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு மடம் இருந்ததை 845-ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்றே சொல்கிறது. மெர்சியா நாட்டு மன்னர் பெயோர்த்வுல்ஃப் கொடுத்த பட்டயம் அது. அந்தச் சாக்சன் காலக் கட்டடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இன்று எதுவும் இல்லை.

மேலிருந்து பார்த்தால் கோயில் சிலுவை வடிவம். நடுக் கோபுரமும் அதன் இரு பக்கச் சிறகுகளும்தான் பழைய பகுதி. மக்கள் உட்காரும் நடுக்கூடம் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 14-ஆம் நூற்றாண்டுவரை மெதுவாக எழுந்தது. கிழக்கே இருக்கும் பீடப் பகுதி 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஒரே மூச்சில் கட்டிய கோயில் இல்லை. கையில் காசு வந்தபோதெல்லாம் ஒரு பகுதி எழுந்திருக்கிறது.

ஊரின் முக்கியக் கோயில் ஏன் கடைத்தெருவிலிருந்து இவ்வளவு தள்ளி, ஆற்றோரமாக ஒதுங்கி நிற்கிறது?

ஒதுங்கியது கோயில் இல்லை, ஊர்தான். முதலில் இருந்த கிராமம் கோயிலைச் சுற்றியே இருந்தது. கோயிலை ஒட்டிய பகுதிக்கு இன்றைக்கும் ‘பழைய ஊர்’ என்றுதான் பெயர். இந்த நிலம் வூஸ்டர் பிஷப்புகளுக்குச் சொந்தம். 1196-இல் அப்போதைய பிஷப் ஜான், மன்னர் முதலாம் ரிச்சர்டிடம் வாரச்சந்தை நடத்த அனுமதி வாங்கினார். பிறகு கிராமத்துக்கு வடக்கே, ஆற்றைக் கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நேர்க்கோட்டுத் தெருக்கள் போட்டு மனை பிரித்தார். மனைக்கு ஆண்டு வாடகை ஒரு ஷில்லிங். கைவினைஞர்களும் வியாபாரிகளும் வந்து குடியேறினார்கள், புது ஊர் தழைத்தது.

கோயில் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. சந்தைக்கு வந்தவர்கள் தங்களுக்கென்று ஊர் நடுவில் கில்டு சேப்பல் என்ற சிறு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். அதுவும் இன்னும் இருக்கிறது. ஆனால் குழந்தைக்குப் பேர் வைக்கவும் பிணத்தை அடக்கம் செய்யவும் ஆற்றங்கரைக்குத்தான் நடந்தார்கள். இன்று பார்க்க வருபவர்களும் கடைத்தெருவிலிருந்து அதே பக்கம்தான் நடக்கிறார்கள். எனக்கு இந்த நடை ரொம்பப் பிடிக்கும். கடைசியில் வடக்கு வாசலுக்கு இட்டுச்செல்லும் பாதையின் இருபுறமும் லிண்டன் மரங்கள். ஒரு பக்கத்து மரங்கள் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள், மறுபக்கத்து மரங்கள் அப்போஸ்தலர்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஒரு சிறு ஊருக்கு இவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது?

இந்த ஊர்ப் பையன் ஒருவர் நாட்டின் உச்சிக்குப் போனதால் வந்தது. ஜான் டி ஸ்ட்ராட்ஃபோர்டு இங்கே பிறந்தவர். வின்செஸ்டர் பிஷப்பாக இருந்து, 1333-இல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனார். மூன்றாம் எட்வர்டின் அரசில் சான்சலர் என்ற உயர் அமைச்சர் பதவியும் வகித்தார். அவருடைய தம்பி ராபர்ட் சிச்செஸ்டருக்கு பிஷப். அதே குடும்பத்தைச் சேர்ந்த ரால்ஃப் லண்டனுக்கு பிஷப். ஒரே ஊர், ஒரே குடும்பம், மூன்று பிஷப்புகள்.

ஜான் பிறந்த ஊரை மறக்கவில்லை. 1331-இல் கோயிலின் தெற்குப் பக்கத்தில் புனித தாமஸ் பெக்கெட் பெயரில் ஒரு பீடம் ஏற்படுத்தி, ஐந்து குருக்களை நியமித்தார். நிறுவியவருக்காகவும் அவர் குடும்பத்தாருக்காகவும் நாள்தோறும் திருப்பலி செய்வது அவர்கள் வேலை. இறந்தவரின் ஆன்மா இளைப்பாற வேண்டுமானால் உயிரோடு இருப்பவர்கள் செபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. சில ஆண்டுகளில் கோயிலின் முழு வருமானத்தையும் இந்தக் குருக்கள் குழுவுக்கே எழுதிவைத்தார். தசமபாகமும் அதில் சேர்ந்தது. 1350-களில் ரால்ஃப் அவர்கள் தங்குவதற்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே பெரிய கல்வீடு கட்டித் தந்தார்.

1415-இல் மன்னர் ஐந்தாம் ஹென்றி இந்தக் குழுவுக்கு அரச அங்கீகாரம் கொடுத்தார். அதிலிருந்து இது ‘காலேஜ் கோயில்’. மாணவர் படிக்கிற காலேஜ் என்று நினைத்துவிட வேண்டாம், சேர்ந்து வாழும் குருக்கள் குழுவைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்தப் பட்டம் கோயிலின் முழுப் பெயரில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழுவின் தலைவராக இருந்த தாமஸ் பால்ஷல் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீடப் பகுதியைப் புதிதாகக் கட்டினார். பெரிய சன்னல்கள், உயரமான கூரை, உள்ளே கொட்டுகிற வெளிச்சம் எல்லாம் அவர் செய்தவை. பீடத்துக்குப் பக்கத்தில் அவருடைய கல்லறையும் இருக்கிறது. சிற்பங்களின் தலைகள் உடைக்கப்பட்ட நிலையில் அதைப் பார்க்கலாம்.

பீடப் பகுதி கோணலாக இருக்கிறதே, அது கட்டடப் பிழையா?

நடுக்கூடத்தின் பின்பக்கம் நின்று கிழக்கே பார்த்தால், பீடப் பகுதி நேராகப் போகாமல் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பது தெரியும். சிலுவையில் இயேசுவின் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்ததைக் குறிக்க அப்படிக் கட்டினார்கள் என்பது வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் விளக்கம். இப்படித் திரும்பிய பழைய கோயில்கள் இங்கிலாந்தில் பல இருக்கின்றன. வெவ்வேறு நூற்றாண்டுகளில் பகுதி பகுதியாகக் கட்டியதாலும், ஆற்றங்கரை நிலத்தின் வாகுக்காகவும் இப்படி அமைந்திருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மதச் சீர்திருத்தத்தின்போது கோயிலுக்கு என்ன ஆனது?

எட்டாம் ஹென்றி 1534-இல் ரோமை விட்டுப் பிரிந்தார். அதுவரை முந்நூறு ஆண்டுக்கு மேல் இது ரோமன் கத்தோலிக்கக் கோயில். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1547-இல் வந்த சட்டம், இறந்தவருக்காகச் செபிக்க வைத்திருந்த அறக்கட்டளைகளை எல்லாம் கலைத்தது. ஜான் டி ஸ்ட்ராட்ஃபோர்டு ஏற்படுத்திய குழுவும் கலைந்தது. குருக்கள் போனார்கள், சொத்து அரசுக்குப் போனது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1553-இல் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊராட்சிக்கு அரச சாசனம் கிடைத்தது. கோயிலின் தசமபாக உரிமை ஊர் மன்றத்தின் கைக்கு வந்தது. அந்த வருமானத்திலிருந்து கோயில் குருவானவருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டும் பள்ளி ஆசிரியருக்கு 20 பவுண்டும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, ஷேக்ஸ்பியர் படித்ததாகக் கருதப்படும் ஊர்ப் பள்ளியின் வாத்தியார் சம்பளத்துக்குப் பின்னாலும் பழைய கோயில் வருமானம்தான் நிற்கிறது.

தாமஸ் பெக்கெட் பீடத்தின் மேற்கல்லை யாரோ தரைக்கடியில் வைத்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது கிடைத்தது. இப்போது பிரதான பீடமாக இருப்பது அந்தக் கல்தான்.

ஷேக்ஸ்பியர் பெரிய கவிஞர் என்பதால்தானே கோயிலுக்குள், பீடத்துக்கு முன்னால் புதைத்தார்கள்?

இல்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் தசமபாகம்.

சாதாரண மக்களுக்கு வெளியே கல்லறைத் தோட்டம். பீடப் பகுதி என்பது கோயிலின் ‘ரெக்டருக்கு’, அதாவது தசமபாகம் வாங்கும் உரிமை உள்ளவருக்கு உரியது. இங்கிலாந்து வழக்கப்படி நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது மக்களின் பொறுப்பு, பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது ரெக்டரின் பொறுப்பு. அதற்குக் கைமாறாக, அங்கே அடக்கம் ஆகும் உரிமையும் அவருக்கு. காலேஜ் கலைந்த பிறகு அந்த உரிமை ஊர் மன்றத்துக்கும், மன்றத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்த தனி ஆட்களுக்கும் வந்தது.

1605 ஜூலையில் ஷேக்ஸ்பியர் அப்படி ஒரு குத்தகையில் பாதிப் பங்கை ரால்ஃப் ஹியூபோ என்பவரிடமிருந்து 440 பவுண்டு கொடுத்து வாங்கினார். பக்கத்துக் கிராமங்களின் தானியம், வைக்கோல் மீதான தசமபாகமும், பங்குக்குள் கம்பளி, ஆட்டுக்குட்டி மீதான தசமபாகமும் அதில் அடக்கம். அன்றைய பள்ளி ஆசிரியரின் 22 ஆண்டுச் சம்பளம் அந்த 440 பவுண்டு. ஆண்டுக்குச் சுமார் 60 பவுண்டு வரும், அதிலிருந்து 17 பவுண்டு ஊர் மன்றத்துக்கு வாடகை. நல்ல முதலீடு. தனக்குச் சொந்த நிலமும் இருந்த ஊரில், எந்த வயல் எவ்வளவு விளையும் என்று தெரிந்த ஒருவர் செய்த முதலீடு.

அந்தக் குத்தகைதான் அவருக்குப் பீடப் பகுதியில் இடம் தந்தது. நாடகம் எழுதியதற்காக அன்று அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. 1616 ஏப்ரல் 25-ஆம் தேதி அடக்கம் நடந்தது. பதிவேட்டில் அவர் பேருக்குப் பக்கத்தில் ‘ஜென்ட்’, அதாவது கண்ணியவான் என்று ஒரே ஒரு சொல். ஊர்க்காரர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் இருக்கிறது: சொத்துள்ள மனிதர், நம்மூர்க்காரர்.

கல்லறைக் கல்லில் அவர் பெயரே இல்லையாமே?

உண்மைதான். தரையில் பதித்த கல்லில் நான்கு வரிப் பாட்டு மட்டும் இருக்கிறது. இயேசுவின் பேரால் கேட்கிறேன், இங்கே மூடியிருக்கும் மண்ணைத் தோண்டாதே. இந்தக் கற்களை விட்டுவைப்பவனுக்கு ஆசி, என் எலும்பை நகர்த்துபவனுக்குச் சாபம் என்பது அதன் பொருள்.

இதை ஒரு மர்மம் மாதிரி எழுதுகிறவர்கள் அதிகம். இரண்டு எட்டுத் தள்ளிப் பார்த்தால் காரணம் தெரியும். பீடப் பகுதியின் வடக்குச் சுவரில் அடைக்கப்பட்ட ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்கு அப்பால் எலும்பு வீடு இருந்தது. புதிதாக யாரையாவது புதைக்க இடம் வேண்டுமென்றால் பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்து அங்கே குவித்துவிடுவார்கள். அன்றைக்கு அது சர்வ சாதாரணம். தன் தலைமாட்டிலேயே அந்தக் குவியல் இருப்பதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்கத் தோன்றியதில் வியப்பில்லை. எலும்பு வீட்டை 1800-இல் இடித்தார்கள். கல்லை யாரும் புரட்டவில்லை.

பக்கத்தில் மனைவி ஆன், மகள் சுசானா, மருமகன் ஜான் ஹால், பேத்தியின் கணவர் தாமஸ் நாஷ் ஆகியோர் வரிசையாக இருக்கிறார்கள். ஆன் 1623 ஆகஸ்ட் 6-ஆம் தேதி 67 வயதில் இறந்தார். அவர் கல்லில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில் உள்ள லத்தீன் பாட்டு, பால் கொடுத்த தாய்க்கு மகள் நன்றி சொல்வதாக அமைந்தது. கணவருக்கான எச்சரிக்கையை எல்லாரும் படிக்கிறார்கள். இதையும் கேட்டு அறிந்துகொண்டு வாருங்கள்.

மண்டையோடு திருடுபோய்விட்டது என்கிறார்களே?

2016-இல் கல்லைத் தொடாமல், தரைக்குள் ஊடுருவும் ரேடார் வைத்து ஆய்வு செய்தார்கள். கல்லறை ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழம் என்றும், பெட்டி இல்லாமல் துணியில் சுற்றிப் புதைத்திருக்கலாம் என்றும், தலைப்பக்கத்தில் யாரோ கைவைத்த தடயமும் பிறகு பழுதுபார்த்த தடயமும் இருக்கிறது என்றும் சொன்னார்கள். மண்டையோடு இல்லாமல் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். தோண்டிப் பார்க்கக் கோயில் அனுமதிக்கவில்லை, சரியான முடிவு. பக்கத்து மாவட்டத்தில் பியோலி என்ற ஊர்க் கோயிலில் இருந்த ஒரு மண்டையோடு அவருடையது என்று பேச்சு இருந்தது. அதே ஆய்வில் அது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுடையது என்று தெரிந்தது.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா? அதில் என்ன இருக்கிறது?

அசல் பதிவேடு ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோயிலில் நகல் வைத்திருக்கிறார்கள். கோயிலின் பொக்கிஷங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

ஒவ்வொரு பங்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1538-இல் உத்தரவு வந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் 1558 முதல் உள்ள பதிவுகள் கிடைக்கின்றன. காகிதத்தில் இருந்தவற்றைத் தோல் ஏட்டில் பெயர்த்து எழுத வேண்டும் என்று எலிசபெத் அரசியின் காலத்தில் மறுபடி உத்தரவு வந்தது. அதன்படி 1600 வாக்கில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் படியெடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் குருவானவர் ரிச்சர்ட் பைஃபீல்டின் கையொப்பம் இருக்கும். ஆகவே 1564 ஏப்ரல் 26-ஆம் தேதிக்கு நேராக ‘ஜான் ஷேக்ஸ்பியர் மகன் வில்லியம்’ என்று லத்தீனில் நாம் படிப்பது, முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு படியெடுத்த வரி.

அதே ஆண்டு, ஜூலை 11. அடக்கப் பதிவில் ஒரு தொழில் பழகும் பையன் பேருக்குப் பக்கத்தில் லத்தீனில் ஒரு சிறு குறிப்பு: இங்கே கொள்ளைநோய் தொடங்கியது. அதற்குப் பிறகு அடக்கப் பதிவுகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊரில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது ஹென்லி தெருவில் ஜான், மேரி தம்பதியின் குழந்தைக்கு இரண்டரை மாதம். அவர்கள் முன்பே பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் எப்படி அந்த மாதங்களைத் தள்ளினார்களோ.

ஒரே குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வாழ்க்கை முழுவதும் கிடைத்துவிடும். 1583 மே 26, சுசானாவின் ஞானஸ்நானம். 1585 பிப்ரவரி 2, இரட்டையர் ஹாம்னெட், ஜூடித். 1596 ஆகஸ்ட் 11, ஹாம்னெட் அடக்கம். பையனுக்கு வயது பதினொன்று. 1601-இல் அப்பா ஜான், 1608-இல் அம்மா மேரி. ஹாம்னெட்டின் கல்லறை எங்கே என்பதற்கு அடையாளக் கல் எதுவும் இல்லை.

ஷேக்ஸ்பியரின் கல்யாணமும் இங்கேதான் நடந்ததா?

இந்தப் பதிவேட்டில் அது இல்லை. 1582 நவம்பர் கடைசியில் வூஸ்டர் பிஷப்பின் அலுவலகத்தில் அவசரமாக அனுமதி வாங்கினார்கள் என்பதற்கு ஆவணம் உண்டு. கல்யாணம் வேறொரு கோயிலில் நடந்திருக்க வேண்டும்.

கோயிலுக்குள் நீதிமன்றம் நடந்ததாகச் சொல்கிறார்களே?

நடந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டு குருவானவருக்குத் தன் பங்கு மக்களின் ஒழுக்க வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவர், பண்டிகை நாளில் கடை திறந்தவர், அடுத்தவரை அவதூறு பேசியவர், கல்யாணத்துக்கு வெளியே உறவு வைத்தவர் எல்லாம் இங்கே வந்து நிற்க வேண்டும்.

இதில் ஷேக்ஸ்பியர் குடும்பமும் மாட்டியது. 1616 பிப்ரவரி 10-ஆம் தேதி இளைய மகள் ஜூடித்துக்கும் தாமஸ் குவினிக்கும் இந்தக் கோயிலில் கல்யாணம். சிறப்பு அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்யக் கூடாத பருவத்தில் அது நடந்ததால், வூஸ்டர் பிஷப் நீதிமன்றம் குவினியைச் சபையிலிருந்து தள்ளிவைத்தது. அதைவிடப் பெரிய இடி அடுத்த மாதம் விழுந்தது. மார்கரெட் வீலர் என்ற பெண்ணும் அவளுக்குப் பிறந்த சிசுவும் இறந்து, மார்ச் 15-ஆம் தேதி அடக்கமானார்கள். குழந்தைக்குத் தகப்பன் குவினி. மார்ச் 26-ஆம் தேதி குருவானவர் முன்னால் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்திச் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது தீர்ப்பு. பிறகு ஏழைகளுக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து, பக்கத்துக் கிராமத்துச் சிறு கோயிலில் தன் சொந்த உடையிலேயே மன்னிப்புக் கேட்டால் போதும் என்று குறைத்துவிட்டார்கள். மாமனார் ஷேக்ஸ்பியர் அந்த விசாரணைக்கு முந்தைய நாள்தான் உயிலைத் திருத்திக் கையெழுத்திட்டிருந்தார். ஒரு மாதத்துக்குள் அவரே அடக்கமானார்.

மார்கரெட்டுக்கு நியாயம் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து ஷில்லிங்கில் முடிந்துபோன கணக்கு அது.

சுவரில் இருக்கும் மார்பளவுச் சிலை அவர் முகத்தைச் சரியாகக் காட்டுகிறதா?

அவரை நேரில் அறிந்தவர்கள் உயிரோடு இருந்தபோதே வைத்த சிலை. 1623-இல் வெளிவந்த அவர் நாடகத் தொகுப்பின் முன்பகுதிப் பாட்டு ஒன்றில் இதைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. மனைவி, மகள்கள் கண்ணுக்கு முன்னால் வைத்ததால், ஓரளவு சாயல் இருந்திருக்க வேண்டும் என்று நம்பலாம். சவுத்வார்க்கில் சிற்பக்கூடம் வைத்திருந்த ஜான்சன் குடும்பத்தார் செய்தது என்பது பொதுக் கருத்து. வழுக்கைத் தலை, உப்பிய கன்னம், கையில் இறகுப் பேனா, முன்னால் மெத்தை. கீழே உள்ள கல்வெட்டு 1616 ஏப்ரல் 23-ஆம் தேதி, 53-ஆம் வயதில் இறந்ததாகச் சொல்கிறது.

1793-இல் எட்மண்ட் மலோன் என்ற அறிஞர், பழைய சிலைகள் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, முழுக்க வெள்ளை அடிக்க வைத்தார். 1861-இல் அதைச் சுரண்டி மறுபடி வண்ணம் தீட்டினார்கள். நாம் பார்ப்பது அந்த வண்ணம்.

ஷேக்ஸ்பியரை விட்டால் கோயிலில் வேறு என்ன இருக்கிறது?

நிறைய. பீடப் பகுதியில் இருபுறமும் குருக்கள் உட்கார்ந்த மர இருக்கைகள் உள்ளன. அவை மடங்கும். நெடுநேரம் நின்றுகொண்டே செபிக்க வேண்டியவர்கள், இருக்கையை மடக்கிவைத்து அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பலகையில் லேசாகச் சாய்ந்துகொள்ளலாம். அந்தப் பலகைகளுக்குக் கீழே 15-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். மொத்தம் 26. கடற்கன்னி, ஒற்றைக்கொம்புக் குதிரை, அடித்துக்கொள்ளும் கணவனும் மனைவியும். வேத வசனம் எழுதிய இடத்திலிருந்து நாலடித் தூரத்தில் குடும்பச் சண்டை! குருவானவர் உட்கார்ந்தால் மறைந்துபோகும் இடம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது. சீர்திருத்தக் காலத்தில் உடைத்தவர்கள் கையிலும் இவை தப்பித்தன.

வடகிழக்கு மூலையில் கிளாப்டன் குடும்பத்தின் சேப்பல். ஹியூ கிளாப்டன் லண்டனுக்குப் போய்ச் சம்பாதித்து, 1491-இல் லண்டன் மேயரானவர். ஏவன் மேல் அவர் கட்டித் தந்த பதினான்கு வளைவுக் கல்பாலத்தில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. இங்கே தனக்குக் கட்டிய கல்லறையில் அவர் இல்லை. லண்டனில் இறந்து அங்கேயே அடக்கமானார். அதே இடத்தில் ஜாய்ஸ் கிளாப்டனும் கணவர் ஜார்ஜ் கேரூவும் வண்ணம் தீட்டிய சிலைகளாகப் படுத்திருக்கிறார்கள். கேரூ மன்னர் முதலாம் ஜேம்ஸின் பீரங்கித் துறைத் தலைவர். அதனால் கல்லறையில் பீரங்கியும் வெடிமருந்துப் பீப்பாயும் செதுக்கியிருக்கிறார்கள்.

1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதற்பதிப்புப் பிரதி ஒன்று இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து ஞானஸ்நானத் தொட்டியின் உடைந்த மேல்பகுதியும் பீடப் பகுதியில் இருக்கிறது. வடக்கு வாசல் கதவில் பழைய இரும்பு வளையம் ஒன்றைக் காணலாம். துரத்தப்பட்டவர் அதைப் பற்றிக்கொண்டால் அடைக்கலம்.

உச்சியில் இருக்கும் கூம்பும் பழையதா?

இல்லை. பழைய கூம்பு மரத்தாலானது. 1763-இல் அதை எடுத்துவிட்டு வார்விக்கைச் சேர்ந்த வில்லியம் ஹயர்ன் கல்லால் உயரமாகக் கட்டினார். ஷேக்ஸ்பியர் பார்த்த கோயில் உச்சி இன்று நாம் ஆற்றிலிருந்து பார்ப்பது இல்லை. குருக்கள் தங்கிய காலேஜ் வீட்டையும் 1799-இல் இடித்துவிட்டார்கள். இதுதான் எனக்கு மனத்தாங்கல். அந்த வீடு இருந்திருந்தால் கோயிலின் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஷேக்ஸ்பியருக்கு ஐந்து பவுண்டு எழுதிவைத்த பணக்காரர் ஜான் கோம்பும் அந்த வீட்டில் வாழ்ந்தவர்தான். அவர் கல்லறையும் பீடப் பகுதியில் உள்ளது.

19-ஆம் நூற்றாண்டில் இரண்டு பெரிய புதுப்பிப்புகள் நடந்தன. 1830-களின் பிற்பகுதியில் ஹார்வி எகின்டன், 1890-களை ஒட்டி போட்லியும் கார்னரும். உள்ளே தெரியும் ஒழுங்குக்குப் பாதிக் காரணம் அவர்கள். 1900-இல் ஹெலன் ஃபாசிட் என்ற மறைந்த நடிகைக்கு, ஷேக்ஸ்பியர் சிலைக்கு எதிரே நினைவுச் சிற்பம் வைக்க அவர் கணவர் முயன்றார். ஊரில் வசித்த நாவலாசிரியை மேரி கொரெல்லி கடுமையாக எதிர்த்தார். சிற்பம் வரவில்லை.

ஆறு கோயிலுக்கு என்ன செய்தது?

கோயில் நிற்பது கரை மேடு. எதிர்க்கரைப் புல்வெளி தாழ்வு. மழைக்காலத்தில் ஏவன் பொங்கினால் எதிர்ப்பக்கம்தான் முதலில் தண்ணீர் பரவும். முதலில் இடம் தேர்ந்தவர்கள் ஆற்றின் போக்கை அறிந்தவர்கள்.

1630-களில் வில்லியம் சாண்டிஸ் என்பவர் செலவு செய்து ஏவனில் படகு போகும்படி செய்தார். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்த பிறகு அது பாழடைந்தது. தன்னார்வலர்களும் சிறைக் கைதிகளும் சேர்ந்து உழைத்து, 1974-இல் மேல் ஏவனை மறுபடி திறந்தார்கள். கோயிலுக்குச் சற்றுக் கீழே அப்போது கட்டிய படகுப் பூட்டு ஒன்று, அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்தும் அடைப்பு, இருக்கிறது. இருபக்க மண்ணின் அழுத்தம் தாங்காது என்று அதன் மேல் குறுக்காக இரும்புச் சட்டங்கள் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மரங்களுக்கு மேல் கூம்பு தெரியும்.

இன்றும் வழிபாடு நடக்கிறதா? போனால் எவ்வளவு நேரம் வேண்டும்?

ஞாயிறும் நடக்கிறது, வாரநாளிலும் நடக்கிறது. கல்யாணமோ அடக்க ஆராதனையோ இருந்தால் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். அதில் குறைப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தான் கோயில் இருக்கிறது. நடுக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. பீடப் பகுதிக்குப் போக நன்கொடை கேட்பார்கள். கொடுங்கள், பழைய கல்லையும் கூரையையும் காப்பாற்றும் செலவு அதிகம். ஏப்ரல் 23-ஐ ஒட்டிய சனிக்கிழமை ஊர்வலமாக வந்து கல்லறையில் பூ வைப்பார்கள். அன்று போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், இந்த வரிசையில் பாருங்கள்: வடக்கு வாசல் வளையம், பதிவேட்டின் நகல், மடக்கு இருக்கைகளின் அடிப்பக்கம், ஆனின் பித்தளைத் தகடு, அடைத்த கதவு, கடைசியாக ஷேக்ஸ்பியர். வெளியே வந்து ஆற்றுப் பக்கச் சுவரோரம் பத்து நிமிடம் நடந்தால், படகுப் பூட்டையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம்.